ஆஸ்கர்வேன் குன்றும் கணிப்புப் பெட்டியின் ஆறு முகங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

காற்றாலைப் பண்ணையை உருவகப்படுத்தும் மென்பொருள் எதுவானாலும், நிலவரைபடத்தை ஏற்றியவுடன் அது கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, கணக்கை எந்தப் பரப்புக்குள் நடத்த வேண்டும் என்பதாகும். திரையில் ஒரு செவ்வகம் தோன்றுகிறது. காற்றாலைகள் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு அதன் ஓரங்களை இழுத்து வைத்துவிட்டு, பெரும்பாலோர் அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். தொழிலில் ‘டொமைன்’ என்று வழங்கப்படும் இந்தப் பரப்பின் ஒவ்வோர் ஓரத்திலும் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்று நாம் மென்பொருளுக்கு ஓர் உறுதி அளிக்கிறோம். அந்த உறுதி பொய்யானால், நடுவில் நிற்கும் காற்றாலையின் மின்னுற்பத்திக் கணக்கும் பொய்யாகிறது. அந்தப் பொய் எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் நுழைகிறது என்பதை, நன்கு அளக்கப்பட்ட ஒரு குன்றை வைத்து இங்கே ஆராய்கிறேன்.

ஏன் இந்தக் குன்று

ஸ்காட்லாந்தின் மேற்கே அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தில் உள்ள சவுத் யூயிஸ்ட் தீவில், மேற்குக் கரைக்கு அருகே, சுற்றுத் தரையிலிருந்து 116 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஆஸ்கர்வேன். மேலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமும் 1 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டம். அதன் நீண்ட அச்சு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கிறது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் காற்றாற்றல் கூட்டாய்வின் பகுதியாக 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் இங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவைக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை 10 மீட்டர் உயரமுள்ளவை. குன்றைக் குறுக்கே வெட்டும் இரண்டு கோடுகளிலும் முகட்டின் நெடுக்கே செல்லும் ஒரு கோட்டிலும் அவை வரிசையாக நின்றன. குன்றுக்குத் தென்தென்மேற்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, தட்டையான நிலத்தில், குன்றின் பாதிப்பு எட்டாத ஒப்பீட்டுக் கோபுரம் ஒன்றும் இருந்தது.

அந்த அளவீடுகளில் அதிகம் எடுத்தாளப்படுவது 1983 அக்டோபர் 3ஆம் நாள் பிற்பகலில் பதிவான மூன்று மணிநேரத் தொகுதி. காற்று 210 பாகையிலிருந்து (தென்தென்மேற்கிலிருந்து), அதாவது குன்றின் நீண்ட அச்சுக்கு ஏறத்தாழச் செங்குத்தாக வீசியது. ஒப்பீட்டுக் கோபுரத்தில் 10 மீட்டர் உயரத்தில் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். உச்சியில் அதே 10 மீட்டர் உயரத்தில் வேகம் சுமார் 80 சதவீதம் உயர்ந்திருந்தது. காற்று வரும் பக்கத்து அடிவாரத்தில் அது குறைந்தும், மறுபக்கச் சரிவில் இன்னும் குறைந்து கொந்தளிப்பு மிகுந்தும் இருந்தது.

புதிதாக இத்துறைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இந்தக் குன்றுதான். தென்மேற்கே தட்டை நிலம், ஒரே மாதிரியான தரை, நடுநிலை வளிமண்டலம் (வெப்பநிலை அடுக்குகள் காற்று மேலெழுவதைத் தூண்டவோ தடுக்கவோ செய்யாத நிலை), ஒற்றைத் திசை என எல்லாம் எளிமையாக அமைந்திருப்பதால், விடையில் வரும் பிழைக்கு வேறெதன் மீதும் பழி போட முடியாது. பெட்டியை எப்படி வைத்தோம் என்பது தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

பெட்டியின் முதல் அளவு

பாய்ம இயக்கவியல் அடிப்படையிலான, அதாவது காற்றோட்டத்தின் சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருளில் டொமைன் என்பது ஆறு முகங்களுள்ள ஒரு பெட்டி. காற்று நுழையும் முகத்தில், உயரத்தோடு மடக்கை முறையில் கூடும் ஒரு வேகப் பரவலை நாம் விதிக்கிறோம். ஆஸ்கர்வேனுக்கு இதில் 0.03 மீட்டர் தரைக் கரடுமை நீளம் (தரையின் சொரசொரப்பு காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு) வழக்கமாகப் பயன்படுகிறது. வெளியேறும் முகத்தில் அழுத்தத்தை நிலைநிறுத்துகிறோம். இரு பக்கங்களும் மேல் முகமும் பொதுவாக உராய்வற்ற சுவர்கள்: காற்று அவற்றை உரசிச் செல்லலாம், ஊடுருவ முடியாது. இயற்கையில் குன்றின் மேல் ஏறும் காற்று பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் விலகிச் செல்ல எல்லையற்ற இடம் இருக்கிறது. பெட்டிக்குள் அந்த இடம் சுவரோடு முடிந்துவிடுகிறது. விலக முடியாத காற்று குன்றுக்கும் சுவருக்கும் இடையே நெருக்கப்பட்டு, உள்ளதைவிட வேகமாக ஓடுகிறது.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு, கட்டடங்களைச் சுற்றிய காற்றோட்டத்துக்காக ஐரோப்பாவின் காஸ்ட் 732 கூட்டுத் திட்டம் 2007இல் வெளியிட்ட நெறிமுறையைப் பலர் குன்றுகளுக்கும் அப்படியே எடுத்தாள்கிறார்கள். உயரத்தைப் போல் 5 மடங்கு முன்னும் பக்கங்களிலும் மேலும், 15 மடங்கு பின்னாலும் இடம் விட வேண்டும். தடையின் முகப்புப் பரப்பு பெட்டியின் குறுக்குப் பரப்பில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். இதை ஆஸ்கர்வேன் மீது வைத்துப் பார்த்தால் ஒரு முரண் எழுகிறது. 116இன் 5 மடங்கு 580 மீட்டர். குன்றின் 2 கிலோமீட்டர் நீளத்தோடு இருபுறமும் 580 மீட்டர் சேர்த்தால் பெட்டியின் அகலம் 3.16 கிலோமீட்டர். உச்சிக்கு மேல் 580 மீட்டர் விட்டால் உயரம் 696 மீட்டர். குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 22 லட்சம் சதுர மீட்டர். குன்றின் முகப்பை ஒரு முக்கோணமாக எடுத்தால் 1,16,000 சதுர மீட்டர். அடைப்பு விகிதம் 5.3 சதவீதம்! தூர விதிகள் அனைத்தும் நிறைவேறிய அதே பெட்டியில் அடைப்பு விதி அடியோடு மீறப்படுகிறது.

காரணம் எளிது. அந்த விதிகள், அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடாத கட்டடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குன்றோ உயரத்தைப் போல் பதினேழு மடங்கு நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. உயரத்தின் மடங்குகளில் மட்டும் சிந்தித்தால் அதன் நீளம் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. எனவே குன்றுகளுக்கு அடைப்பு விகிதத்தை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்பப் பெட்டியைத் தீர்மானிப்பதே முறை என்பது என் கருத்து. 5 கிலோமீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் உயரமும் கொடுத்தால் குறுக்குப் பரப்பு 50 லட்சம் சதுர மீட்டராகி, அடைப்பு 2.3 சதவீதமாகக் குறைகிறது. இந்தப் பயிற்சிக்கு நான் தொடங்கும் அளவு இதுவே.

இரண்டு மூன்று சதவீத வேறுபாட்டுக்கு இத்தனை கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு போதும். காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் 5 சதவீதம் மிகையானால் ஆற்றல் ஏறத்தாழ 16 சதவீதம் மிகையாகிறது. காற்றாலை தன் முழுத் திறனை எட்டிவிட்ட பலத்த காற்றில் இந்த மிகை மின்னுற்பத்தியில் தெரியாது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி நேரம் காற்று அந்த வேகத்துக்குக் கீழேதான் வீசுகிறது.

முகங்களை ஒவ்வொன்றாக நகர்த்துதல்

தொடக்க அளவு எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அது ஊகமே. அதைச் சோதிக்க, ஒரு முகத்தை மட்டும் நகர்த்தி, மற்ற ஐந்தையும் அசைக்காமல் வைத்து, உச்சியிலும் அடிவாரத்திலும் பின்சரிவிலும் உள்ள வேகங்கள் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லா முகங்களையும் ஒரே நேரத்தில் பெரிதாக்கினால் விடை மாறியது தெரியும். எந்த முகம் மாற்றியது என்பது தெரியாது.

பக்கச் சுவர்களையும் மேல் முகத்தையும் விலக்கும்போது உச்சியின் வேக உயர்வு குறைந்துகொண்டே வந்து ஒரு நிலையில் நின்றுவிடும். அது நிற்கும் இடமே அந்த முகங்களுக்குப் போதுமான தூரம். இதில் குழப்பம் இல்லை.

நுழைவு முகம் நுட்பமானது. குன்றை நெருங்கும் காற்று, அடிவாரத்தை எட்டுமுன்பே, முன்னால் தடை இருப்பதை அழுத்தத்தின் வழியாக உணர்ந்து தளர்கிறது. நுழைவு முகம் அடிவாரத்துக்கு மிக அருகில் இருந்தால், தளர்ந்திருக்க வேண்டிய இடத்தில் தளராத வேகத்தை நாமே விதித்துவிடுகிறோம். அடிவாரத்துக் குறைவு காணாமல் போகிறது. ஆகவே தள்ளி வைக்க வேண்டும். ஆனால் மிகவும் தள்ளி வைத்தாலும் வேறொரு தொல்லை காத்திருக்கிறது. நாம் விதித்த வேகப் பரவலும் கொந்தளிப்பு அளவும், மென்பொருளின் கொந்தளிப்பு மாதிரியோடும் (காற்றின் சிறு சுழல்களின் விளைவைத் தோராயமாகக் கணக்கிடும் சமன்பாடுகள்) தரைக் கரடுமையைக் கையாளும் முறையோடும் முழுமையாகப் பொருந்தாவிட்டால், தட்டைத் தரையில் ஓடும்போதே அவை கொஞ்சம் கொஞ்சமாக உருமாறுகின்றன. நுழைவில் கொடுத்தது ஒன்று, குன்றை அடைவது வேறொன்று. பெட்டியைப் பெரிதாக்கினால் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு; அதைத் தவிர்ப்பவர்கள் மீது எனக்கு வருத்தமும் உண்டு. குன்றை நீக்கிவிட்டு, அதே பெட்டியை வெறும் தட்டைத் தரையோடு ஒருமுறை ஓட்ட வேண்டும். நுழைவில் கொடுத்த பரவலும், குன்று இருக்க வேண்டிய இடத்தில் கிடைக்கும் பரவலும் ஒன்றாக இருந்தால் பெட்டியின் நீளம் சரி. வேறுபட்டால், முகத்தை நகர்த்துவதற்கு முன் கரடுமை அமைப்பையும் கொந்தளிப்பு மதிப்புகளையும் திருத்த வேண்டும். வெற்றுப் பெட்டி ஓட்டம் விரைவில் முடிந்துவிடும். வாரக்கணக்கான குழப்பத்தை அது மிச்சப்படுத்தும்.

ஆஸ்கர்வேனில் நுழைவு முகத்தின் இடத்தை அளவீடே சொல்லிவிடுகிறது. வேக உயர்வு என்பது 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒப்பீட்டுக் கோபுரத்தைச் சார்ந்து சொல்லப்படும் அளவு. அந்தக் கோபுரம் பெட்டிக்குள் இருந்தால், ஒப்பீட்டு வேகத்தையும் கணக்கிலிருந்தே எடுத்து, அளவீட்டோடு ஒன்றுக்கு ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். எனவே அடிவாரத்திலிருந்து 4 கிலோமீட்டர் முன்னே நுழைவு முகத்தை வைக்கிறேன்.

வெளியேறும் முகத்தில் சிக்கல் வேறு வகையானது. குன்றின் பின்சரிவில் காற்று தரையை விட்டுப் பிரிந்து பின்னோக்கிச் சுழலக்கூடும். அந்தச் சுழல் மடங்கி முடிவதற்குள் பெட்டி முடிந்தால், வெளியேற வேண்டிய முகத்தின் வழியாகக் காற்று உள்ளே வரத் தொடங்கும். கணக்கு ஒரே விடையில் நிலைகொள்ளாமல் அலைபாயும். அதோடு, ஆஸ்கர்வேனுக்குக் காற்றுபோகும் பக்கத்தில் வேறு குன்றுகளும் உள்ளன. அவற்றைப் பெட்டிக்குள் சேர்ப்பதா, வெட்டிவிட்டுத் தட்டைத் தரையாக்குவதா என்பது இக்குன்றை உருவகப்படுத்தும் ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய முடிவு. உச்சியின் வேகம் மட்டும் வேண்டுமானால் தனிக்குன்றாக வைத்தாலும் பெரிய இழப்பில்லை. பின்சரிவின் கொந்தளிப்பை ஆராய்பவர்கள் அவற்றைச் சேர்த்தாக வேண்டும். எப்படியானாலும், பெட்டியின் ஓரம் ஒரு குன்றின் நடுவே வெட்டிச் செல்லக் கூடாது. வெட்டுப்பட்ட சரிவின் மீது வெளியேறும் முகத்தை வைத்தால், அங்கே இருக்கவே முடியாத ஒரு சீரான அழுத்தத்தை நாம் திணிக்கிறோம். ஓரத்துக்கு அப்பால் தரையைச் சிறிது சிறிதாகத் தட்டையாக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் அந்தச் செயற்கைத் தரைக்கும் பெட்டியில் தனியே இடம் ஒதுக்க வேண்டும்.

இவ்வாறு பெட்டியின் நீளம் முன்னே 4, குன்று 1, பின்னே 3 என மொத்தம் 8 கிலோமீட்டர் ஆகிறது.

கட்டங்களின் எண்ணிக்கை எனும் கண்ணி

பெட்டியைப் பெரிதாக்கும் சோதனையில் மிகுதியாக நடக்கும் தவறு இங்கேதான் இருக்கிறது. கணக்கை நடத்த மென்பொருள் பெட்டியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. அதில் பரப்பின் அளவும் கட்டங்களின் மொத்த எண்ணிக்கையும் தனித்தனிப் புலங்களாக இருக்கும். பரப்பை மட்டும் மாற்றிவிட்டு எண்ணிக்கையை அப்படியே விட்டால், மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் அமைதியாக அகலமாக்கிவிடும். அகலமும் நீளமும் இரட்டித்தால் 25 மீட்டர் கட்டம் 50 மீட்டராகிறது. பருமனான கட்டத்தில் குன்றின் உச்சி மழுங்குகிறது. மழுங்கிய உச்சியில் வேக உயர்வு குறைகிறது. பக்கச் சுவரை விலக்கினாலும் வேக உயர்வு குறையும் என்று மேலே கண்டோம். இரண்டும் ஒரே திசையில் செல்வதால், கட்டம் பருத்ததன் விளைவைப் பெட்டி விரிந்ததன் விளைவு என்று எளிதாக நம்பிவிடுகிறோம்.

8 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பெட்டியை எங்கும் 25 மீட்டர் கட்டங்களால் நிரப்பினால் தரையில் மட்டும் 64,000 கட்டங்கள். 40 அடுக்குகளுக்கு 25 லட்சத்துக்கும் மேல். கணினி அதைத் தாங்காதபோது, குன்றைச் சுற்றிய உள்வட்டாரத்தில் 25 மீட்டரை மாற்றாமல் நிறுத்தி, வெளியே ஒவ்வொரு கட்டத்தையும் முந்தையதைவிட 10 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். அப்படிச் செய்தால் 4 கிலோமீட்டர் தூரத்தை 160 கட்டங்களுக்குப் பதிலாக 30 கட்டங்களில் கடந்துவிடலாம். கடைசிக் கட்டம் 400 மீட்டரை நெருங்கும். தென்மேற்கின் தட்டை நிலத்தில் இதனால் எதுவும் கெடாது. வடகிழக்கின் குன்றுகளை இத்தகைய கட்டங்கள் அடையாளம் தெரியாமல் கரைத்துவிடும். அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் அந்தப் பக்கத்தில் பெருக்க விகிதத்தைக் குறைத்தாக வேண்டும். உள்வட்டாரக் கட்டங்கள் ஒவ்வோர் ஓட்டத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தால்தான் பெட்டியின் விளைவைத் தனியே பிரித்துச் சொல்ல முடியும்.

ஒரே திசையில் இதுவரை பேசினோம். உண்மையான பண்ணைக்கு 12 அல்லது 36 திசைகளில் கணக்கு ஓட வேண்டும். காற்றின் திசைக்கேற்பப் பெட்டியைத் திருப்பும் மென்பொருளில், குன்றின் நடுவிலிருந்து நுழைவு முகத்தின் மூலை ஏறத்தாழ 5.2 கிலோமீட்டர் தொலைவில் சுழல்கிறது. நிலவரைபடம் அந்த ஆரத்துக்குள் எல்லாத் திசையிலும் முழுமையாக இருக்க வேண்டும். பெட்டியின் அளவுக்கே வரைபடத்தை வெட்டி ஏற்றினால், திரும்பிய பெட்டியின் மூலைகள் தரவற்ற வெளியில் தொங்கும். சில மென்பொருள்கள் எச்சரிக்கும். சில அங்கே உயரத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரும்.

பெட்டியே இல்லாத மென்பொருளிலும் இந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்திலிருந்து 1987இல் வெளிவந்த வாஸ்ப், ஒவ்வொரு காற்றாலையையும் மையமாகக் கொண்டு, வெளியே செல்லச் செல்ல அகலும் வட்ட வலையில் கணக்கிடுகிறது. அங்கே டொமைன் என்பது நாம் கொடுக்கும் வரைபடத்தின் எல்லையே. கரடுமை வரைபடம் ஒவ்வொரு காற்றாலையிலிருந்தும் குறைந்தது 10 கிலோமீட்டர், அல்லது சுழலி மைய உயரத்தின் 100 மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை விரிய வேண்டும் என்பது அதன் வழிகாட்டல். 140 மீட்டர் உயரக் காற்றாலைகளுக்கு அது 14 கிலோமீட்டர். பழைய 50 மீட்டர் காற்றாலைகளுக்காக வெட்டிய வரைபடத்தை அப்படியே புதிய திட்டத்துக்கு ஏற்றக் கூடாது.

குன்றிலிருந்து பண்ணைக்கு

சுழலிகளையே கணக்கில் சேர்க்கும்போது பெட்டியின் சுவர்கள் இன்னும் கவலைக்குரியவை ஆகின்றன. டென்மார்க் கரைக்கு அப்பால் 2002இல் அமைந்த ஹார்ன்ஸ் ரெவ் 1 பண்ணையில் 80 மீட்டர் விட்டமுள்ள 80 காற்றாலைகள், 560 மீட்டர் இடைவெளியில், 8 வரிசைகளும் 10 நிரல்களுமாக நிற்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்றை முதலில் சந்திப்பவை 8 சுழலிகள்; அவை துடைக்கும் பரப்பு சுமார் 40,200 சதுர மீட்டர். அந்த வரிசையின் அகலம் 3.92 கிலோமீட்டர். இருபுறமும் 500 மீட்டரும், உயரம் 500 மீட்டரும் மட்டும் விட்டால் அடைப்பு 1.6 சதவீதம். சுழலி திடச் சுவர் அல்லாததால் நெருக்கத்தின் விளைவு இதைவிடக் குறைவுதான். ஆனால் பண்ணை முழுவதும் சேர்ந்து தன் முன்னால் வரும் காற்றைத் தளர்த்தும் அளவும் சில சதவீதம்தான். பெட்டியின் சுவர் காற்றை முடுக்குகிறது. பண்ணை அதைத் தளர்த்துகிறது. ஒன்று மற்றொன்றை அழித்துவிட்டால், அந்த மென்பொருளின் விடையில் முன்தளர்வே இல்லாததுபோல் தோன்றும். இத்தகைய முன்தளர்வையும் காற்றாலைகளின் பின்னோட்டத் தளர்ச்சியையும் தன் கணக்குகள் குறைத்து மதிப்பிட்டிருந்தன என்று 2019 அக்டோபரில் டென்மார்க்கின் கடற்காற்றாலை நிறுவனமான ஓர்ஸ்டெட் வெளிப்படையாக அறிவித்து, தன் கடற்பண்ணைகளின் எதிர்கால வருவாய் மதிப்பீட்டைக் குறைத்தபோது, ஓரிரு சதவீதம் எவ்வளவு பெரியது என்பதைத் துறை முழுவதும் உணர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு நடைமுறையைக் கண்டித்துச் சொல்ல வேண்டும். அளவைக் கோபுரத்தின் வேகத்தோடு விடை பொருந்தும்வரை பெட்டியை மாற்றி மாற்றி ஓட்டி, பொருந்திய பெட்டியையே அறிக்கையில் எழுதுவது சிலரின் வழக்கம். ஆஸ்கர்வேனின் பின்சரிவில் எளிய கொந்தளிப்பு மாதிரிகள் அளவீட்டோடு நன்கு ஒத்துவருவதில்லை என்பது பலமுறை காட்டப்பட்ட உண்மை. அந்தப் பிழைக்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை. மாதிரியின் குறையைப் பெட்டியின் குறையால் ஈடுகட்டி ஒரு கோபுரத்தில் பொருத்தம் பெற்றால், அடுத்த மேட்டில் நிற்கப்போகும் காற்றாலைக்கு இரண்டு பிழைகளும் சேர்ந்து போய்ச் சேரும். பெட்டி போதுமா என்பதை அளவீட்டைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டும். அளவீட்டோடு ஒப்பிடுவது அதற்குப் பின்னரே.

ஆரல்வாய்மொழியில் இந்த அளவுகள் செல்லுமா

குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் அதையொட்டிய முப்பந்தலிலும் வேலை செய்பவர்கள், ஆஸ்கர்வேனில் கற்ற மடங்குகளை அப்படியே கொண்டுவர முடியாது. கணவாய்க்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனை மகேந்திரகிரியில் 1,600 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. அதன் 5 மடங்கு 8 கிலோமீட்டர்; அந்த உயரத்துக்குப் பெட்டியை எழுப்பினால், நடுநிலை வளிமண்டலம் என்ற அனுமானமே பொருளிழக்கிறது. காற்று மலையைத் தாண்டுமா, சுற்றிக்கொண்டு கணவாய் வழியாகப் பாயுமா என்பதை அங்கே வெப்பநிலை அடுக்குகள் தீர்மானிக்கின்றன. பண்ணையைச் சுற்றி 5 கிலோமீட்டர் பெட்டி வைப்பவர், மலைச்சரிவின் நடுவே உராய்வற்ற சுவரை எழுப்பி, தென்மேற்குப் பருவக்காற்றை வேகப்படுத்தும் அந்தக் குறுக்கத்தையே பெட்டிக்கு வெளியே தள்ளிவிடுகிறார். விடையில் கணவாயின் விளைவு கொஞ்சம் தெரிந்தால், அது நுழைவு முகத்தில் அவரே எழுதிக் கொடுத்த வேகத்தின் எதிரொலி மட்டுமே.

இங்கே பொருத்தமான வழி, கடலையும் நாகர்கோவில் சமவெளியையும் மலைத் தொடரின் இரு பக்கங்களையும் உள்ளடக்கிய இடைநிலை அளவிலான வானிலை மாதிரியை முதலில் ஓட்டி, அதற்குள் படிப்படியாகச் சிறிய பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொரு சிறு பெட்டியின் முகங்களுக்கும் வேண்டிய வேகம், திசை, வெப்பநிலை ஆகியவற்றை அடுத்த பெரிய பெட்டியிடமிருந்து வாங்குவதே. பெரிய பெட்டியைக் கிழக்கே நீட்டுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆயங்கள் தரும் யுடிஎம் வரைபட முறையில் கணவாய் 43ஆம் மண்டலத்தில் இருக்கிறது, சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே 78 பாகைக் கோட்டில் 44ஆம் மண்டலம் தொடங்குகிறது. தூத்துக்குடியின் உயரத் தரவை அதன் சொந்த மண்டல ஆயங்களோடு அப்படியே ஒட்டினால், அது பல நூறு கிலோமீட்டர் இடம்பெயர்ந்து விழும். எல்லாத் தரவையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிய பிறகே பெட்டியின் ஓரத்தை இழுக்கத் தொடங்க வேண்டும்.